கித்தேரி அத்தை கொடுத்த சம்படம்

தூத்துக்குடியில், கப்பல் ஊதுகிற சத்தமும் கோயில் மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கிற ஒரு தெருவில் ஜெசிந்தா என்று ஒருத்தி இருந்தாள், இப்போதும் இருக்கிறாள், நம்பாதவர்கள் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் காலை ஆறரைக்குள் போய்விட வேண்டும், ஏனென்றால் ஆறரைக்கு இறால் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்து மூன்று முறை ஹாரன் அடிக்கும், மூன்றாவது ஹாரனுக்குப் பிறகு பெற்ற தாயே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் டிரைவர் சுடலைமணி நிற்கமாட்டான். அப்படிப்பட்ட ஆள். அந்த பஸ்ஸில் ஏறி, கம்பெனியில் வெள்ளைக் கோட்டும் தலைக்குல்லாவும் முட்டு வரைக்கும் ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, ஐஸுக்குள் கையை விட்டு இறாலுக்குத் தலை கிள்ளித் தோடு உரித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு விரல் பத்தும் சுருங்கிப்போய் வீடு திரும்புகிறவள் அவள்.

அவளுக்கு ஒரே மகள், பெனிட்டா, வயது ஒன்பது. பெனிட்டாவுக்கு மூளை கத்தி, ஆனால் சொல்லுக்கு மட்டும் வாசலில் ஒரு படி உயரம் அதிகம். தடுக்கும். "க" என்று தொடங்கினால் அந்தக் "க" நாலைந்து தடவை வந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழு வார்த்தையும் வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கெட்டவளில்லை, பாவம், ஐம்பது பிள்ளைகள், நாற்பது நிமிஷம், "சரிம்மா, உக்காரு, அடுத்தாளு சொல்லு" என்பாள். அந்த "அடுத்தாளு" ஒரு நாளைக்கு ஆறு தடவை விழுந்தது. பிள்ளைகள் விளையாட்டிலும் அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு பெனிட்டாவுக்குத் தினமும் காலையில் வயிறு வலித்தது, பிறகு வாந்தி வந்தது, பிறகு பேச்சே நின்றது. பள்ளிக்கூடத்தை மாற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் ஒரு "அடுத்தாளு" இருந்தது.

"இனி நானே சொல்லிக்கொடுக்கேன்" என்றாள் ஜெசிந்தா, மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப் போன தோணியில் இருக்கிற புருஷனிடம் போனில்.

"நீயே விடிஞ்சதுலருந்து அடையுற மட்டும் ஐஸுக்குள்ள கெடக்க. எப்பட்டி சொல்லிக்கொடுப்ப?"

"வந்த பொறவு."

வந்த பிறகு என்ன நடந்தது என்றால், குளித்து, உலை வைத்து, மகளைப் பக்கத்தில் உட்கார்த்தி, புத்தகத்தைத் திறந்து, மூன்றாவது வரியில் ஜெசிந்தா தூங்கிப்போவாள். புத்தகத்தின் மேலேயே தலை சாயும். பெனிட்டா அம்மா கன்னத்துக்கு அடியிலிருந்து புத்தகத்தை மெல்ல உருவி மீதியைத் தானே படித்துக்கொள்வாள். பகலில் எதிர்வீட்டு இடியாப்பக்கார மெற்றில்டா அக்கா வேலைக்கு நடுவில் நாலு தடவை எட்டிப் பார்த்து, "மக்கா, இருக்கியா?" என்பாள், பெனிட்டா ஜன்னலில் கையைத் தட்டி இருக்கிறேன் என்பாள். அதுதான் அந்த வீட்டுப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்து வந்து நாள் முழுக்கப் பாடம்.

ஜூன் மாதம், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க கோமதி டீச்சர் வந்தாள். பெனிட்டாவை உட்காரவைத்து ஐந்து கேள்வி கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் பெனிட்டாவின் உதடு கூம்பியது, விரிந்தது, சத்தம் வரவில்லை. கோமதி டீச்சர் ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்துவிட்டு நோட்டில் "தெரியவில்லை" என்று ஐந்து தடவை எழுதினாள்.

"தெரியும் டீச்சர், எல்லாம் தெரியும்!" என்றாள் ஜெசிந்தா, அழாத குறையாக.

"தெரிஞ்சா சொல்லணும்லாம்மா. நான் ஜனவரில பொங்கலுக்கு முன்னாடி வருவேன். அப்ப இவ வாயத் தொறந்து பதில் சொன்னா வீட்லயே படிக்கட்டும், நானே எழுதித் தாரேன். சொல்லலன்னா பொங்கல் கழிச்சு ஸ்கூலுக்கு அனுப்பிறணும். சரியா?"

சரி என்று சொல்வதைத் தவிர அவளுக்கு வேறு வழி என்ன இருந்தது?

அந்த வாரமே அது நடந்தது. வியாழக்கிழமை காலை, முதல் ஹாரன் அடித்தாயிற்று, ஜெசிந்தா சம்படத்தில், அதாவது மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில், சோற்றையும் சாளைக் குழம்பையும் வைத்துக்கொண்டிருந்தாள், பெனிட்டாவோ கையில் கணக்குப் புத்தகத்தோடு பின்னாலேயே வந்து ஒரு சந்தேகம் கேட்க ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது ஹாரன். அம்மாவின் முகத்தைப் பார்த்தால் அவசரம் தெரிந்தது, அவசரத்தைப் பார்த்தால் வார்த்தை இன்னும் உள்ளே போனது, அதனால் பெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு திறந்திருந்த சம்படத்தைப் பார்த்துக் கேள்வியைச் சொல்லி முடித்தாள். ஜெசிந்தா காதில் எதுவும் விழவில்லை. மூடியை அழுத்தி மூடி, மகள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு ஓடினாள்.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு அறையில் மூடியைத் திறந்தபோது பெனிட்டாவின் குரல் வந்தது. குழம்பு வாசனையோடு வந்தது. "எ-எ-எம்மா, மு-முக்காலுக்கும் அரைக்கும் ந-நடுவுல ஏதாவது இருக்கா?"

ஏதோ பேய் பிசாசு என்று எல்லோரும் எழுந்து ஓடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அரை மணி நேரம் சாப்பாட்டு நேரம், அதில் ஐந்து நிமிஷம் கையுறை கழற்றவே சரியாகிவிடும், இதில் யாருக்கு ஓட நேரம் இருக்கிறது! நாற்பது பெண்களும் சோற்றில் வைத்த கையோடு அந்தக் கேள்வி முடிகிற வரைக்கும் காத்திருந்தார்கள், சம்படத்தை அவசரப்படுத்த முடியாது பாருங்கள், அதற்கு முகமும் கிடையாது பார்த்துக்கொண்டிருக்க. கேள்வி முடிந்ததும் மூலையிலிருந்து செல்வமேரி, "ஏட்டி ஜெசி, ஒம் பிள்ளையாட்டி? நல்ல கேள்வில்லா கேட்டிருக்கா" என்றாள், அவ்வளவுதான், உடனே டீ கிளாஸை வைத்து அரை, முக்கால் என்று தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் சண்டை ஆரம்பித்தது. அரையே அரைக்கால், அதாவது எட்டில் ஐந்து என்று முடிவானபோது சங்கு ஊதிவிட்டது, காலிச் சம்படத்துக்குள் எல்லோரும் சேர்ந்து கத்திவிட்டு மூடினார்கள். சாயங்காலம் பெனிட்டா திறந்ததும் நாற்பது குரல் ஒன்றாக "எட்டுல அஞ்சு!" என்றது. மெற்றில்டா அக்கா இடியாப்ப உழக்கோடு ஓடிவந்து, "யாருட்டி வந்திருக்கா இத்தன பேரு?" என்று கேட்டு, விஷயம் தெரிந்ததும், "அப்படியா, நான் சொந்தக்காரங்களோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று முதல் தினமும் ஒரு கேள்வி. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், சம்படத்தைத்தான் யாரும் வாங்கி வைக்கவில்லை. பெனிட்டா அதற்குள் சொல்லி மூடிய கேள்வி சாயங்காலம் வரைக்கும் அவளிடமே இருக்காது, என்ன கேட்டேன் என்று அவளுக்கே ஞாபகம் வராது, பதில் வரும்போதுதான் கேள்வியும் கூடவே திரும்பி வரும். அதனால் ஒரு நாளைக்கு ஒன்றுதான் போடுவாள், பார்த்துப் பார்த்துப் போடுவாள். கம்பெனியில் யார் எதற்குப் பதில் சொல்வது என்று தானாக ஒரு முறை வந்துவிட்டது. பிளஸ் டூ வரைக்கும் படித்த ஜெசிந்தா கணக்குக்கு, கோயிலில் வாசகம் வாசிக்கிற செல்வமேரி தமிழுக்கு, ஐஸ் மிஷின் பக்கம் நிற்கிற பாத்திமுத்து உப்பு, ஆவி, குளிர் எல்லாவற்றுக்கும். எதுவும் தெரியாதவர்கள் வீட்டில் பிள்ளைகளின் பழைய புத்தகத்தைப் புரட்டிப் படித்துவிட்டு வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து சுத்தம் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் சாப்பாட்டு அறையில் நின்றபோது சம்படம் திறந்து மண்புழுவைப் பற்றிக் கேட்டது, அவர் தன்னுடைய படிவத்தில் முடி, வளையல் துண்டு, ஈ என்று எல்லாக் கட்டத்தையும் தேடிப் பார்த்தார், குரலுக்குக் கட்டம் இல்லாததால் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்.

ஒரே ஒருத்திதான் இதில் சேரவில்லை. சூப்பர்வைசர் ப்ளோரா மேடம். அவள் யாரோடும் பேசமாட்டாள், பென்சிலை நீட்டிக் காட்டுவாள், தலையை ஆட்டுவாள், மிஞ்சிப்போனால் "ம்" என்பாள், சாப்பாட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கு ஊமைக் கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். "என்ன ஒரு கர்வம் பாத்தியா" என்பாள் செல்வமேரி.

இங்கே கித்தேரி அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவள் ஏதோ ஒரு வகையில் அத்தை. ஒரு பாத்திரக் கடை மூடுகிற சமயத்தில் ஒரே மாதிரி பன்னிரண்டு சம்படம் வாங்கி, பன்னிரண்டிலும் புள்ளி புள்ளியாக "கித்தேரி அன்பளிப்பு" என்று பேர் வெட்டி, பரணில் ஏற்றி வைத்து, எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும் ஒன்றை இறக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். பாத்திரத்தில் வாங்கினவள் பேர் இருக்காது, கொடுத்தவள் பேர்தான் இருக்கும், அது நம் ஊர் வழக்கம், அதனால் கம்பெனி அலமாரியில் மட்டும் மூன்று கித்தேரி உட்கார்ந்திருந்தது. ஒன்று ஜெசிந்தாவுடையது. ஒன்று பாத்திமுத்து யாரிடமோ வாங்கினது, அதில் ஒரு நசுக்கல் உண்டு. மூன்றாவது யாருடையது என்று ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

டிசம்பரில் பெனிட்டா கேட்டாள்: "எ-எட்டு பெருசு, நாலு சி-சின்னது. பொறவு எட்டுல ஒண்ணு ஏன் நாலுல ஒ-ஒண்ணவிட சின்னதா இருக்கு?" அன்றைக்கு ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள், ஒன்றும் சரியாக வரவில்லை, கடைசியில் செல்வமேரி சம்படத்துக்குள் குனிந்து, "மக்கா, எங்களுக்குத் தெரியல, அந்த ஊமக் கோட்டான வேணா கேட்டுச் சொல்லுதோம்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்து, சிரிப்போடு சேர்த்து மூடினார்கள்.

சாயங்காலம் அவசரத்தில் சம்படம் மாறிவிட்டது.

பெனிட்டா மூடியைத் திறந்தாள். வந்தது இதுவரை கேட்காத குரல். "கி-கி-கிலோவுக்கு இ-இருபது நிக்குத இறால் பெருசா, அ... அ... அறுபது நிக்குத இறால் பெருசா? அறுபது பெ-பெரிய நம்பர். ஆனா இ-இறால் பொடி. இருக்குறது ஒரே கிலோ. அத எ-எத்தன பேரு பங்கு போடுதாங்களோ அ-அவ்ளோ சின்னதா வரும்." ஒரு மூச்சு. "ச-சரியா, மக்களே?"

ஜெசிந்தா அடுப்பை அணைத்தாள். அந்த "ம்" என்கிற குரலை அவள் ஏழு வருஷமாகக் கேட்டிருக்கிறாள். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் காதில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் தன் சம்படத்தில் பதில் சொல்லி மூடி, தனியாக இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்து, தன் பதிலைத் தானே கேட்டுவிட்டு, கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறாள் அந்த மனுஷி, ஆறு மாதமாக! இதை நினைத்த அதே நொடியில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, அப்படியானால் நம் சம்படம் இப்போது ப்ளோரா மேடம் வீட்டில் திறந்திருக்கும், ஊமைக் கோட்டானும் அந்தச் சிரிப்பும் அங்கே கேட்டிருக்கும். ஜெசிந்தாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

பெனிட்டாவோ சம்படத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "எ-எம்மா, இவங்க பெரியவங்களா?"

"ஆமா மக்களே. எங்களுக்கெல்லாம் அவங்கதான் மேல."

"பெ-பெரியவங்களுக்குமா?" என்றாள் பெனிட்டா. அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஜெசிந்தா பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மறுநாள் காலை பெனிட்டா அந்தச் சம்படத்துக்குள் எதையோ சொல்லி மூடினாள். ஜெசிந்தா ஸ்டோர் ரூமில் போய், "மேடம், மாறிப்போச்சு, நேத்து நாங்க சொன்னதுக்கு மன்னிச்சிருங்க" என்று நீட்டினாள். ப்ளோரா மேடம் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே மூடி திறக்கிற சத்தம் கேட்டது, பிறகு பெனிட்டாவின் குரல்: "மெ-மெதுவா சொல்லுங்க மேடம். நா-நான் அவசரமா எங்கயும் போகல." அன்றைக்கு அந்தக் கதவு சங்கு ஊதியும் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது சம்படம் வேண்டுமென்றே மாறியது. கம்பெனியில் அந்த இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது, ஜெசிந்தா சொல்லவும் இல்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் கோமதி டீச்சர் வருவதாகச் சொல்லியிருந்தாள். காலை பத்து மணி. ஜெசிந்தா லீவு கேட்டு வைத்திருந்தாள், ஆனால் முந்தின நாள் சாயங்காலம் மூன்று லாரி இறால் வந்து இறங்கிவிட்டது, இறால் யாருக்காகவும் காத்திருக்காது, மேனேஜர் எல்லோருடைய லீவையும் அடித்துவிட்டார்.

"நீ போ-போம்மா" என்றாள் பெனிட்டா காலையில். சம்படம் திறந்திருந்தது. அவள் அதன் பக்கம் வரவே இல்லை.

"ஏதாவது சொல்லுதியா மக்களே?"

இல்லை என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது ஹாரன் அடிக்கப் போனது. ஜெசிந்தா மூடிவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்கு அவள் கை இறாலை உரித்துக்கொண்டிருந்தது, மனசு வீட்டு வாசலில் நின்றது. பத்தரை. பதினொன்று. ஒரு தட்டு இறாலைத் தலையோடு தள்ளிவிட்டாள், ப்ளோரா மேடம் பென்சிலை நீட்டவில்லை, அந்தத் தட்டைத் தானே இழுத்து உரித்தாள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் சுற்றி நின்றார்கள். மூடியைத் திறந்தாள்.

சோறு இருந்தது. அவித்த முட்டை இருந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சாப்பாட்டு அறையில் ஐஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. செல்வமேரி சம்படத்தைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். ஜெசிந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுதாள். "போச்சு, எம் பிள்ளைக்கு இதுலயும் பேச்சு நின்னு போச்சு. நான் இருந்திருக்கணும். பெத்தவ நான் இருந்திருக்கணும்லா, இந்த எழவு ஐஸுல நிக்கேன்."

ஸ்டோர் ரூம் கதவு திறந்தது. ப்ளோரா மேடம் நாற்பது பேர் நடுவில் வந்து நின்றாள். உதடு கூம்பியது, விரிந்தது. யாரோ "என்ன மேடம்?" என்று கேட்கப்போக, ஜெசிந்தா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வ... வ... வச்சிருப்பா" என்றாள் ப்ளோரா மேடம். கழுத்து நரம்பு புடைத்தது. "கா-காலைல இதுக்குள்ள போ-போட்டா, டீச்சர் வரும்போது அ-அவகிட்ட இருக்காதுல்லா. அ... அதான். வா-வாயிலயே வச்சிருப்பா."

ஊமைக் கோட்டான் என்று பேர் வைத்தவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். செல்வமேரிதான் முதலில் எழுந்து, பெஞ்சில் தன் பக்கத்து இடத்தைத் துடைத்துவிட்டு, "இங்கன உக்காருங்க மேடம், சாப்பிட்டீங்களா?" என்றாள்.

சாயங்காலம் தெருமுனையிலேயே மெற்றில்டா அக்கா நின்றாள், விஷயம் வாயில் பொங்கிக்கொண்டு. "ஜெசி, ஒம் மவ என்ன செஞ்சா தெரியுமாட்டி..." என்று ஆரம்பித்தவள் பின்னாலேயே ஓடிவந்த பெனிட்டா அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நா-நான் சொல்லுதேன் மாமி."

ஜெசிந்தா பையைத் தோளிலிருந்து இறக்காமல், இறால் நாற்றம் போகாமல், வாசலிலேயே உட்கார்ந்து கேட்டாள். கோமதி டீச்சர் எட்டில் ஒன்று பெரிதா நாலில் ஒன்று பெரிதா என்று கேட்டதையும், கிலோவுக்கு அறுபது நிற்கிற இறாலைப் பற்றிப் பெனிட்டா சொல்லத் தொடங்கியதையும், "அறுபது" வர ரொம்ப நேரம் ஆனதையும், டீச்சருக்கு மெற்றில்டா மாமி போட்டுக்கொடுத்த டீ ஆடை கட்டி ஆறிப்போனதையும், டீச்சர் நோட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்ததையும், ஐந்து கேள்விக்கு ஒரு மணி நேரம் ஆனதையும் பெனிட்டா தடுக்கித் தடுக்கிச் சொன்னாள், விளக்கு வைக்கிற நேரம் வரை சொன்னாள். ஜெசிந்தா ஒரு தடவைகூடக் கண் அசரவில்லை. கடைசியில் டீச்சர் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினாள். வீட்டிலேயே படிக்கலாம் என்று இருந்தது.

"காலைல ஏம்மா ஒண்ணும் சொல்லாம அனுப்பின? நான் செத்துப் பொழச்சேன்."

"போ-போட்டா தீந்துருமே எம்மா" என்றாள் பெனிட்டா.

மறுநாள் ஆறரைக்கு பஸ் வந்தது. முதல் ஹாரன். ஜெசிந்தாவோடு பெனிட்டாவும் தெருமுனைக்கு வந்தாள், கையில் சம்படம் இல்லை. இரண்டாவது ஹாரன். பெனிட்டா பஸ் படியில் ஏறி நின்றாள், நாற்பது பேரையும் முதல் தடவையாக முகத்தோடு பார்த்தாள், முன் சீட்டில் இருந்த ப்ளோரா மேடத்தை ஒரு நிமிஷம் கூடுதலாகப் பார்த்தாள்.

"எ... எ... எல்லார்ட்டயும் ஒ-ஒரு கேள்வி."

சுடலைமணியின் கை மூன்றாவது ஹாரனுக்குப் போய்விட்டது. அப்படியே நின்றது. பிறகு அவன் கையைக் கீழே இறக்கி என்ஜினை அணைத்தான்.

"நீ-நீங்கள்லாம் சின்ன பிள்ளையில எ-என்னவா ஆகணும்னு நெ-நெனச்சீங்க?"

ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், பாத்திமுத்து சம்படத்தின் நசுக்கலைத் தடவிக்கொண்டிருந்தாள். ப்ளோரா மேடம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"வா..." என்றாள். "வா... வா..."

அது என்ன வார்த்தை என்று பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சுடலைமணிக்குக்கூடத் தெரிந்துவிட்டது. ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சர்ச் மணி அடித்து ஓய்ந்தது, பால்காரன் சைக்கிள் கடந்து போனது, கம்பெனியில் சங்கு ஊதுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, நாற்பது பெண்களும் ஒரு சின்னப் பிள்ளையும் ஒரு டிரைவரும் அப்படியே காத்திருந்தார்கள்.

"வாத்தியாரம்மா" என்று ப்ளோரா மேடம் தானே சொல்லி முடித்தாள்.